நாலாம் மாத ஊசி தவறிப்போனால்
நிலாவெளித் தங்கச்சி, சளியால் நாலாம் மாத ஊசி தவறிவிட்டது, பிள்ளைக்கு ஐந்து மாதம், முதல் ஊசியே மூளைக்காய்ச்சலைத் தடுக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது அம்மா. மூளைக்காய்ச்சல் தரும் கிருமிகளில் ஒன்றான ஹிப் பற்றீரியா சர்க்கரை உறையால் தன்னை மூடிக்கொள்ளும். கைக்குழந்தையின் உடல் அந்த உறையை மட்டும் கண்டால் சரியாக எதிர்க்காது. அதனால்தான் பென்டாவேலன்ட் என்ற இந்த ஊசியில் அந்த உறையை ஒரு புரதத்தோடு இணைத்திருக்கிறார்கள். அப்போது நோயெதிர்ப்புக் கலங்களில் டி கலங்கள் துணைக்கு வர, பி கலங்கள் பிறபொருளெதிரிகளை உருவாக்கி, கிருமியை நினைவிலும் வைக்கும். அந்த நினைவு உறுதிப்பட அடுத்த ஊசிகள் வேண்டும். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, லேசான சளி தடையுமில்லை. இந்த வாரமே மிட்வைஃபைப் பாருங்கள். அப்புறம், மூளைக்காய்ச்சல் தரும் எல்லாக் கிருமிகளையும் இந்த ஊசி தடுக்காது. காய்ச்சலோடு பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, நடுச்சாமம் என்றாலும் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.