கேளுங்க, சொல்றேன்: விக்கும் மந்திரக்கோலும்

போன இதழ்ல ஜப்பான் மங்கா (அதாவது காமிக்ஸ்), அனிமே (அதாவது கார்ட்டூன்) சூப்பர் ஹீரோயின்களை நிஜ நடிகைகளை வச்சு எடுத்த படங்களைப் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு சொன்னேன், குவிச்சுட்டீங்க. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

கே: அக்கா, அனிமேல பாக்கும்போது கலர் கலரா முடி அவ்ளோ அழகா இருக்கு. அதையே நிஜ ஆளை வச்சு எடுத்தா மட்டும் ஏன் மாறுவேடப் போட்டி மாதிரி ஆயிடுது?

ப: அந்த முடி எதுக்கு இருக்குன்னு பாத்தா விஷயம் புரிஞ்சிடும். மங்கால மூஞ்சியில ரொம்ப கோடு போட மாட்டாங்க, ரெண்டு பெரிய கண்ணு, மூக்குன்னு ஒரு புள்ளி, அவ்ளோதான். அஞ்சு பொண்ணுங்க வரிசையா நின்னா யார் யாருன்னு தெரியணும்ல, அதுக்குத்தான் ஒருத்திக்கு ரெண்டு கொண்டை, ஒருத்திக்கு குட்டை முடி, கலர்ல வரும்போது ஒருத்திக்கு நீலம் ஒருத்திக்கு மஞ்சள்னு பிரிச்சு விடுறாங்க. அங்க முடிதான் முகம். நிஜ நடிகைக்கு ஏற்கனவே சொந்தமா ஒரு முகம் இருக்கு, அதுமேல இன்னொரு முகத்தை விக்கா கவுத்தா ரெண்டும் சண்டைதான் போடும்.

இதுக்கு நான் பாத்ததுலயே கெட்டிக்காரத்தனமான வழியைக் கண்டுபிடிச்சது ஒரு சினிமா இல்ல, 2003 அக்டோபர்ல ஜப்பான் டிவில ஆரம்பிச்ச சைலர் மூன் சீரியல். அதுல சைலர் மூனா மாறுற ஸ்கூல் பொண்ணு உசாகியா நடிச்ச மியூ சவாய் ஸ்கூல்ல, வீட்ல, தெருவுல எல்லாம் சாதாரண முடியோடதான் சுத்துவா, சைலர் மூனா மாறினாத்தான் அந்த மஞ்ச விக்கும் கொண்டையும் வரும். அதனால விக்கு விக்கு மாதிரி இருக்கேன்னு உறுத்தாது, அதுவும் யூனிஃபார்ம்ல ஒரு பகுதிதானேன்னு மனசு ஏத்துக்கும். அவ யாருன்னு கூட இருக்கிறவங்களுக்கே ஏன் அடையாளம் தெரியலைங்கிற பழைய கேள்விக்கும் சேர்த்து பதில் கிடைச்சிடுச்சு.

கே: 2004ல வந்த க்யூட்டி ஹனி பாத்தேன். இவாஞ்செலியன் அனிமே எடுத்த ஹிடேயாகி அன்னோ டைரக்‌ஷன்னு சொன்னாங்க, ஆனா பாதி நேரம் பொம்மைப் படம் மாதிரி ஓடுது. தெரியாம எடுத்தாரா, வேணும்னே எடுத்தாரா?

ப: சத்தியமா வேணும்னேதான். கோ நாகாய் 1973ல வரைஞ்ச கதை அது, ஹனி ஒரு ஆண்ட்ராய்டு பொண்ணு, அதாவது மனுஷி மாதிரியே இருக்கிற ரோபோ, காத்துல இருக்கிற அணுவை வச்சே தனக்கு வேண்டிய துணியையும் ஆயுதத்தையும் உருவாக்கிக்குவா. இதைப் போய் நம்புற மாதிரி எடுக்கணும்னு உக்காந்தா தலைவலிதான் மிச்சம். அன்னோ என்ன பண்ணாருன்னா, ஹனியா நடிச்ச எரிகோ சாட்டோவை போஸ் போஸா நிக்க வச்சு படம் புடிச்சு, அந்தப் படங்களை அனிமேஷன் ஃபிரேம் அடுக்குற மாதிரி அடுக்கி ஓட விட்டாரு. அதுக்கு ஹனிமேஷன்னு பேரு வேற வச்சாங்க. நிஜ மனுஷி கார்ட்டூன் மாதிரி விட்டு விட்டு, திடுக்குன்னு நகர்றது அதனாலதான்.

ஆரம்பத்துலயே அவ குப்பை போடுற பிளாஸ்டிக் பையை உடம்புல மாட்டிக்கிட்டு ரோட்டுல ஓடி கடையில ஓனிகிரிங்கிற சோத்து உருண்டையை வாங்கித் தின்பாளே, ஞாபகம் இருக்கா? சக்தி தீந்து போச்சு, சாப்பிட்டாத்தான் வேஷம் மாற முடியும். ஹீரோயினோட சக்தி எங்கேருந்து வருது, எப்ப தீரும்னு லெக்சர் அடிக்காம ஒரே ஓட்டத்துல சொல்லி முடிச்சிட்டாரு பாருங்க. அப்புறம் அவ ஒரு ஆபீஸ்ல ஒண்ணுக்கும் உதவாத டெம்பரரி ஸ்டாஃப், சிரிச்சுக்கிட்டே இருப்பா, ஆனா சொந்தம்னு ஒருத்தர் கிடையாது, சிடுசிடுன்னு இருக்கிற ஒரு போலீஸ்காரி நட்சுகோகிட்ட போய் பிரெண்டாகலாமான்னு ஒட்டிக்குவா. படத்துல எல்லாம் பொம்மைத்தனம், அந்தத் தனிமை மட்டும் நிஜம். அதான் எனக்கு அந்தப் படம் புடிச்சதே.

அதே ஹனியை 2016ல க்யூட்டி ஹனி டியர்ஸ்னு திரும்ப எடுத்தாங்க, மரியா நிஷியுச்சி நடிச்சது. இருட்டான எதிர்கால நகரம், சோகம், கோவம், ஹனிங்கிற பேருக்கே சம்பந்தமில்லாத சீரியஸ்தனம். மூலக்கதையைப் பாத்து வெக்கப்படுற மாதிரியே இருந்துச்சு எனக்கு. வெக்கமா இருந்தா வேற கதையை எடுத்திருக்கலாமே.

கே: சாதாரணப் பொண்ணு சூப்பர் ஹீரோயினா மாறுற சீன்தானே இந்தக் கதைகளோட உயிர்? சினிமால மட்டும் அதை ஏன் ரெண்டு செகண்ட்ல முடிச்சிடறாங்க, இல்லைன்னா லைட்டைக் காட்டி ஏமாத்திடறாங்க?

ப: நல்ல கேள்வி. அனிமேல அந்த சீன் அவ்ளோ நீளமா, அவ்ளோ அழகா இருக்கிறதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. டிவிக்கு வாராவாரம் வரைஞ்சு குடுக்கணும், காசும் நேரமும் பத்தாது, அதனால ஒரு மாறுற காட்சியை மட்டும் உசுரைக் குடுத்து வரைஞ்சு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வாரமும் அதையே எடுத்து ஒட்டுவாங்க. அந்தத் தொழில்ல அதுக்கு பேங்க்னு பேரு, சேமிச்சு வச்சு எடுக்கிறதுதானே. கிட்டத்தட்ட ஒரு நிமிஷத்துக்குப் புதுசா எதுவும் வரைய வேண்டாம். பாக்குற குழந்தைக்கு அது மனப்பாடம் ஆயிடும், கையைத் தூக்கி வசனத்தைக் கூடவே சொல்லும், அதுல காட்டுற மந்திரக்கோலை விக்கிற பொம்மைக் கம்பெனிக்கும் சந்தோஷம். வாராவாரம் திரும்பத் திரும்ப வர்றதுலதான் அதோட மந்திரமே இருக்கு.

இப்ப இதைக் கொண்டுபோய் ரெண்டு மணி நேரப் படத்துல போடுங்க. ஒரு தடவை காட்டலாம், மிஞ்சிப் போனா ரெண்டு தடவை. மனப்பாடம் ஆகவே நேரம் கிடையாது, அப்புறம் எங்கேருந்து கூடச் சேர்ந்து கத்துறது? டைரக்டருக்கும் இது எதுக்குன்னு புரியாது, கம்ப்யூட்டர்ல கொஞ்சம் பளபளப்பு தூவி அடுத்த சண்டைக்கு ஓடிடுவாரு. நான் எப்பவும் சொல்றது, இந்த வகை கதைக்கு சினிமாவை விட சீரியல்தான் சரியான வீடு. 2003 சைலர் மூன்ல அது சரியா வந்ததுக்குக் காரணம் இருக்கு, மெயின் டைரக்டர் ரியூடா டசாகியும் எழுதின யாசுகோ கொபயாஷியும் அதுக்கு முன்னாடியே காமென் ரைடர்ங்கிற முகமூடி ஹீரோ சீரியல்ல வேலை பாத்தவங்க, மனுஷன் கையை வீசி ஒரு போஸ் குடுத்து வேஷம் மாறுறதை 1971லேருந்து ஜப்பான் டிவி பண்ணிட்டு வருது. கை பழகின வேலை.

கே: அலிட்டா படத்துல ஹீரோயினுக்கு அந்தக் கண்ணு ஏன் அவ்ளோ பெரிசா? எனக்குப் பயமா இருந்துச்சு.

ப: 2017 கடைசில மொத டிரெய்லர் வந்தப்ப உலகமே அதைத்தான் சொல்லுச்சு. முழுப் படம் பாத்தீங்களா, இல்ல டிரெய்லரோட ஓடிட்டீங்களா? யுகிடோ கிஷிரோ 1990ல ஆரம்பிச்ச மங்கா அது, பெரிய கண்ணுங்கிறது மங்காவோட அடையாளம், அதை அப்படியே வச்சுக்கிட்டே ஒரு நிஜ முகம் செய்யணும்னு தயாரிப்பாளர் ஜேம்ஸ் கேமரூனுக்குப் புடிவாதம். ரோசா சலாசர் உடம்புலயும் முகத்துலயும் புள்ளி வச்சு, தலையில கேமரா மாட்டி நடிச்சாங்க, வேட்டா டிஜிட்டல்ங்கிற கிராஃபிக்ஸ் கம்பெனிக்காரங்க அதை அலிட்டாவா மாத்தினாங்க.

இதுல எனக்குப் புடிச்ச விஷயம், திட்டு வாங்கினதும் அவங்க கண்ணைச் சின்னதாக்கலை. கருவிழியைப் பெரிசாக்கி, சுத்தி இருந்த வெள்ளையைக் குறைச்சாங்க. வெள்ளை நிறையத் தெரிஞ்சா மிரண்டு போன மாதிரி இருக்கும், அதைக் குறைச்சதும் அதே சைஸ் கண்ணு சாதுவாயிடுச்சு. பின்வாங்கியிருந்தா அந்தப் படம் செத்திருக்கும். கதையில குறை இருக்கு, காதலன் ஹியூகோ எனக்கு ஒட்டவே இல்ல, ஆனா அலிட்டா மொத தடவை சாக்லேட் சாப்பிட்டுட்டு முழிக்கிற முழி இருக்கே, அங்க கண்ணு சைஸ் எனக்கு மறந்தே போச்சு.

கே: 2017 கோஸ்ட் இன் தி ஷெல் படத்துல ஜப்பான் ஹீரோயின் வேஷத்துல வெள்ளைக்கார ஸ்கார்லெட் ஜோஹான்சன் நடிச்சதுக்கு அவ்ளோ சண்டை நடந்துச்சே, அது நியாயமா? 1995 அனிமே எடுத்த டைரக்டரே தப்பில்லைன்னு சொன்னாராமே?

ப: ஆமா, மமோரு ஓஷி அப்படித்தான் சொன்னாரு, ஹீரோயின் மேஜரோட உடம்பே செயற்கை, அதுக்கு இந்த இனம்தான்னு என்ன கட்டாயம்னு. அவர் வாதத்துல ஒரு தர்க்கம் இருக்கு. ஆனா அமெரிக்கால இருக்கிற ஆசிய நடிகைகளுக்கு இப்படி ஒரு பெரிய வேஷம் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வருதுன்னு பாத்தா, அவங்க கோவத்துலயும் நியாயம் இருக்கு. அவர் ஜப்பான்ல உக்காந்து பேசினாரு, அவருக்கு அந்தப் பஞ்சம் கிடையாது.

என்னோட கோவம் வேற இடத்துல. மாசமுனே ஷிரோவோட மங்காலயும் ஓஷியோட படத்துலயும் கேள்வி இதுதான், உடம்பு பூரா மெஷின், நினைப்பையும் திருத்தி எழுத முடியும்னா, நான்னு சொல்றது எதை? 2017 படத்துல அதை, என் பழைய ஞாபகத்தைத் திருடின கெட்ட கம்பெனிக்காரன் யாருன்னு ஒரு சாதா பழிவாங்கல் கதையா சுருக்கிட்டாங்க. அதுக்கும் மேல ஒண்ணு பண்ணாங்க பாருங்க, மீரான்னு சொல்லிக்கிட்டுத் திரியிற மேஜர் உண்மையில மோடோகோங்கிற ஜப்பான் பொண்ணு, அவ மூளையை எடுத்து வெள்ளைக்கார உடம்புக்குள்ள வச்சுட்டாங்கன்னு கிளைமாக்ஸ் பக்கம் ஒரு திருப்பம். சண்டையே அதைப் பத்தித்தான் நடந்துக்கிட்டு இருக்கு, அதைப் போய் கதைக்குள்ளயே எழுதி வச்சா யாரு சும்மா இருப்பா? சுமார் 11 கோடி டாலர் போட்டு எடுத்து உலகம் பூரா 17 கோடிகிட்ட வந்துச்சு, தியேட்டர் பங்கு, விளம்பரச் செலவு எல்லாம் போனா நஷ்டம்தான். அந்தக் கண்ணாடிக் கட்டடத்து மேலேருந்து குதிக்கிற சீன் மட்டும் கண்ணுக்கு விருந்து, அதுவும் ஓஷி போட்ட ஃபிரேம்தான்.

கே: ஹாலிவுட்காரங்க ஏன் இன்னும் சைலர் மூனைத் தொடலை?

ப: தொட்டாங்களே. 90கள்ல டூன் மேக்கர்ஸ்னு ஒரு கம்பெனி, ஸ்கூல் சீனெல்லாம் நிஜப் பொண்ணுங்க, சண்டை சீனெல்லாம் கார்ட்டூன்னு கலந்து ஒரு சாம்பிள் எபிசோட் எடுத்தாங்க, பொண்ணுங்க பாய்மரம் கட்டின பலகை மேல நின்னு வான்வெளியில பறப்பாங்க. யாரும் வாங்கலை. பல வருஷம் அதோட ஒரு பாட்டுத் துண்டு மட்டும்தான் கைமாறிக்கிட்டு இருந்துச்சு, முழுசா 2022லதான் வெளிய வந்துச்சு. தேடிப் பாருங்க, ஆனா எதையும் எதிர்பாக்காதீங்க.

கே: சக்தி, மந்திரம் எதுவும் இல்லாத ஹீரோயின் யாராவது?

ப: சுகேபன் டெக்கா. ஷின்ஜி வாடாவோட மங்கா. ரவுடிப் பொண்ணைப் புடிச்சு போலீஸே உளவாளியா ஸ்கூலுக்கு அனுப்புது, ஆயுதம் என்னன்னா ஒரு யோயோ. மூடியைத் திறந்தா உள்ள போலீஸ் முத்திரை. 1985ல டிவி சீரியலா வந்தப்ப யுகி சைட்டோ நடிச்சாங்க, 2006ல அதையே படமா எடுத்தப்ப அதே யுகி சைட்டோவை ஹீரோயினுக்கு அம்மாவா போட்டாங்க. அப்படி ஒரு மரியாதை.

கே: இந்த டிரெஸ் விஷயம் உங்களுக்கு உறுத்தலையா? வரைஞ்சதுல பாக்கும்போது ஒண்ணும் தெரியலை, நிஜ நடிகை போட்டுக்கிட்டு நிக்கும்போது சங்கடமா இருக்கு.

ப: உறுத்தும். கோ நாகாய் ஹனியை வரைஞ்சது பையனுங்க படிக்கிற பத்திரிகைக்கு, மாறும்போது துணி கிழியிறது அவங்களுக்காக வச்சது, சுத்தி வளைக்க ஒண்ணுமில்ல. நாவோகோ டகேயுச்சி சைலர் மூனை வரைஞ்சது நகாயோஷிங்கிற சின்னப் பொண்ணுங்க பத்திரிகைக்கு, அங்க குட்டைப் பாவாடையும் நகையும் ரிப்பனும் அந்தப் பொண்ணுங்க தாங்களே போட்டுக்க ஆசைப்படுற அலங்காரம். ரெண்டும் குட்டை டிரெஸ்தான், யாரு கண்ணுக்குன்னு வரைஞ்சாங்கங்கிறதுதான் வேற. நிஜமா எடுக்கும்போது அந்த வேலையைக் கேமரா பாத்துக்கும், அது எங்க நிக்குது, எந்த உயரத்துலேருந்து பாக்குதுன்னு கவனிங்க, டைரக்டர் யாருக்குப் படம் எடுத்தாருன்னு தெரிஞ்சிடும். டிரெஸ்ஸை மட்டும் நீளமாக்கிட்டு கேமராவை அங்கேயே வச்சா என்ன பிரயோஜனம்.

கே: ஜப்பான்காரங்களே பெருசா செலவு பண்ணி எடுக்கலாமே?

ப: அங்க ஒரு படத்துக்குப் பணம் போடுறது பெரும்பாலும் ஒரு கமிட்டி. புத்தகம் போட்டவங்க, டிவி சேனல், விளம்பர ஏஜென்சி, நடிகையோட ஏஜென்சின்னு ஆளாளுக்குக் கொஞ்சம் போடுவாங்க. நஷ்டம் வந்தா பிரிஞ்சிடும், ஆனா ஆளாளுக்கு ஒரு கருத்தும் வரும், எங்க பொண்ணைப் போடுங்க, எங்க பாட்டைப் போடுங்கன்னு. யாருக்கும் பெரிய ரிஸ்க் எடுக்க அவசியமில்லாத ஏற்பாடு அது. அதுக்குள்ளயும் அன்னோ மாதிரி ஒருத்தர் புகுந்து கிறுக்குத்தனம் பண்ணதுதான் ஆச்சரியம்.

கே: என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. எதுலேருந்து ஆரம்பிக்கலாம்?

ப: அதே 2003 சைலர் மூன், 49 எபிசோட். லூனாங்கிற பேசுற பூனை பாதி நேரம் அப்பட்டமான துணிப் பொம்மை, பெரியவங்களுக்குச் சிரிப்பு வரும், குழந்தை கண்டுக்காது. சைலர் மார்ஸா வர்ற கெய்கோ கிடகாவாவுக்கு நடிப்புல அதுதான் ஆரம்பம், அப்புறம் ஜப்பான்ல பெரிய ஸ்டார் ஆயிட்டாங்க. நடுவுல உசாகியோட தோழி ஆமி எதிரி பக்கம் போயிடுவா, அனிமேல இல்லாத கதை, அந்த எபிசோடுங்களுக்கு மட்டும் நீங்களும் கூட உக்காருங்க, ஏன் போனான்னு கேள்வியா வரும்.

கே: அலிட்டா ரெண்டாம் பாகம் வருமா வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ப: ஒரே வார்த்தையில முடியாதுங்க. படம் 2019 பிப்ரவரில வந்துச்சு, சுமார் 40 கோடி டாலர் வசூல், அடுத்த மாசமே எடுத்த ஃபாக்ஸ் கம்பெனியை டிஸ்னி வாங்கிடுச்சு. கேமரூனுக்கும் டைரக்டர் ரோட்ரிகஸுக்கும் எடுக்கணும்னு ஆசை இருக்கு, ரெண்டு பேருமே வெளிப்படையா சொல்லியிருக்காங்க. ஆனா கேமரூன் முன்னாடி ஒரு தடவை இதே அலிட்டாவைத் தள்ளி வச்சுட்டு அவதாருக்குப் போனவர், அந்த அவதார் இன்னும் முடிஞ்சபாடில்ல. நீங்க அதுக்குள்ள மங்காவைப் படிச்சு முடிச்சிடுங்க, மொத வரிசை ஒன்பது வால்யூம்தான்.