கீபோர்டுக்கும் இசை நோட்டுக்கும் எந்த ஸ்டாண்டு வாங்கலாம்?

88 கட்டை டிஜிட்டல் பியானோவுக்கு விலை குறைந்த எக்ஸ் ஸ்டாண்டு (கால்கள் X போலக் குறுக்கே போகும் வகை) தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடையைத் தாங்கிவிடும், ஆட்டம்தான் பிரச்சினை. எக்ஸ் ஸ்டாண்டை உயர்த்த உயர்த்தக் கால்கள் நெருங்கி, அடிப்பக்கம் குறுகிவிடும். நின்று வாசிக்கும் உயரத்தில் ஒற்றைக் குழாயால் ஆன கால்கள் உள்ள வகை, ஒவ்வொரு அழுத்தலுக்கும் தலையாட்டும். தாழ்த்தினாலோ முழங்கால் இடிக்கும். 61 கட்டை என்றால் சமாளிக்கலாம். உங்களுக்கு இசட் வடிவமோ, மேசை மாதிரி நாலு கால் உள்ளதோதான் சரி.

கடையில் உயரத்தைப் பூட்டும் இடத்தைத் தளர்த்திப் பாருங்கள். இரும்புப் பற்கள் ஒன்றையொன்று கவ்வினால் நம்பலாம். பிளாஸ்டிக் பல் சீக்கிரம் மழுங்கும். அப்புறம், பியானோவை ஏற்றிவைத்துப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிப் பார்க்கச் சங்கடப்படாதீர்கள்.

இசைக் குறிப்புத் தாள் வைக்கும் நோட்டு ஸ்டாண்டில் மடக்குக் கம்பி வகை நாலைந்து தாளுக்குத்தான் லாயக்கு. தடித்த புத்தகம் வைத்தால் முன்பக்கம் சாயும். வீட்டோடு இருக்கப்போகிறதென்றால் தகட்டுப் பலகை வைத்ததே மேல். முக்காலியின் ஒரு கால் உங்கள் பக்கம், பலகைக்கு நேர் கீழே நீண்டிருக்கட்டும்.

கிட்டாரும் இருக்கிறதா? நைட்ரோசெல்லுலோஸ் (ஒரு வகை மெருகு) பூச்சுள்ள கிட்டார் என்றால், ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடம் நாளடைவில் கறுத்து இளகும். நடுவில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள்.