எட்டு கிளப் மாறியவர் ஸ்கவுட் ஆக முடியுமா?

கேள்வி: "எனக்கு 33 வயது. இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். பதினோரு ஆண்டுகளில் எட்டு அரைத்தொழில்முறை கிளப்புகளுக்கு ஆடியிருக்கிறேன். ஐந்தாம் டிவிஷனுக்கு மேலே ஒரு நாளும் போனதில்லை. முழங்கால் இனித் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு சரக்குக் கிடங்கில் பகல் வேலை இருக்கிறது. கால்பந்து ஸ்கவுட் ஆக ஆசை. பெரிய ஆட்டக்காரர்களாக இருந்தவர்களுக்குத்தான் அந்த வேலை கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா? எங்கிருந்து தொடங்குவது? கிடங்கு வேலையை விட்டுவிடலாமா?"

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஸ்கவுட் என்றால் நம் வீடுகளில் பலருக்குப் பள்ளிச் சாரணர் இயக்கம்தான் நினைவுக்கு வரும். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பகுதிநேர ஸ்கவுட்டாக இருக்கிறேன். நான் பிள்ளைகளுக்குக் கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கிறேன் என்றே என் மாமியார் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். உண்மையில் இது, பிறர் ஆடுவதைப் பார்த்து, "இவனை வாங்கலாம், இவனை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இவன் வேண்டாம்" என்று கிளப்புக்கு எழுதிக் கொடுக்கும் வேலை.

உங்களைப் போல ஊருக்கு ஊர் கிளப் மாறியவரை இங்கிலாந்தில் ஜர்னிமேன் என்பார்கள். பயணத்திலிருந்து வந்த சொல் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அதன் வேர், ஒரு நாள் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். தொழிலைக் கற்று முடித்தும் சொந்தப் பட்டறை வைக்க முடியாமல் நாட்கூலிக்கு உழைத்த கைவினைஞருக்கு வைத்த பெயர் அது. மே மாதம் கிளப் வெளியிடும் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடி, இல்லை என்றானதும், ஜூன் 30-ல் ஒப்பந்தம் முடிந்து, ஜூலையில் இன்னொரு ஊரில் சோதனை ஆட்டத்துக்குப் போய் நிற்கிறவருக்கு அந்தப் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இனி, பெரிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தானா என்ற கேள்வி. ஜெஃப் ட்வென்டிமன் என்று ஒருவர். கார்லைல் யுனைடெட்டில் தொடங்கி, 1953 டிசம்பரில் லிவர்பூலுக்கு வந்தார். வந்த பருவத்திலேயே லிவர்பூல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அங்கே 184 ஆட்டங்கள் ஆடினார். இங்கிலாந்து அணிச் சட்டையை ஒருமுறையும் அணியவில்லை. 1959-ல் வட அயர்லாந்தின் பாலிமீனாவுக்கு ஆட்டக்காரரும் மேலாளருமாகப் போனார். பிறகு மீண்டும் கார்லைல். அவருடைய தொடக்க காலத்தில் கார்லைலின் மேலாளராக இருந்து, பின்னாளில் லிவர்பூல் மேலாளரான பில் ஷாங்க்லி, 1967-ல் லிவர்பூலின் தலைமை ஸ்கவுட்டாக அவரை அழைத்துக்கொண்டார். 1986 வரை அவர் அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் வந்தவர்களில் சிலர்: 1971-ல் ஸ்கன்தார்ப்பிலிருந்து சுமார் 35,000 பவுண்டுக்குக் கெவின் கீகன், 1974-ல் நார்தாம்ப்டனிலிருந்து ஃபில் நீல், 1977-ல் ஸ்காட்லாந்தின் பார்ட்டிக் திஸிலிலிருந்து சுமார் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஆலன் ஹேன்சன், 1980-ல் செஸ்டரிலிருந்து மூன்று லட்சத்துக்கு இயன் ரஷ். ஆட்களை விடுங்கள், ஊர்களைப் பாருங்கள். ஸ்கன்தார்ப்பும் நார்தாம்ப்டனும் அப்போது நான்காம் டிவிஷன். செவ்வாய்க்கிழமை இரவு அங்கே போய் உட்கார்ந்து, சேற்றில் ஆடும் பையனில் ஐரோப்பியக் கோப்பை வெல்லப்போகிறவனைப் பார்ப்பதற்கு, அந்தச் சேற்றில் தானும் ஆடியிருப்பது உதவுகிறது.

நம் காலத்து உதாரணம் பால் மிட்செல். விகன் அத்லெட்டிக்கில் தொடங்கி, இடையில் வேறு கிளப்புகளுக்கு இரவலாகப் போய், எம்.கே. டான்ஸில் முடித்தவர். காயம் காரணமாக இருபதுகளின் கடைசியிலேயே ஆட்டத்தை விட்டார். அதே எம்.கே. டான்ஸில் வீரர் தேர்வுப் பொறுப்பு, அங்கிருந்து சவுத்தாம்ப்டன், 2014-ல் டாட்டனம், பிறகு லைப்சிக், மொனாக்கோ, நியூகாசில் என்று போனார். அவர் டாட்டனத்துக்குப் போன சில மாதங்களில், 2015 பிப்ரவரியில், அந்தக் கிளப் 18 வயது டெலி ஆலியை 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. எங்கிருந்து? எம்.கே. டான்ஸிலிருந்து. எட்டு கிளப் மாறியவருக்கு எட்டு ஊரில் ஆள் தெரியும். இந்தத் தொழிலில் அது சொத்து.

தொழில்முறையாக ஆடியே இராதவர்களும் இருக்கிறார்கள். பின்னாளில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற கோல் வீரரான ஆலன் ஷியரரைச் சவுத்தாம்ப்டனுக்குக் கொண்டுவந்த ஜாக் ஹிக்சன் ரயில்வே ஊழியர். லெஸ்டர்க்காரரான உங்களுக்கு, லெஸ்டர் சிட்டி கிளப்புக்கு ஆள் தேடிக் கொடுத்த ஸ்டீவ் வால்ஷைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். பிரான்சின் லெ ஹாவ்ருக்கு வேறொரு வீரரைப் பார்க்கப் போனவர், அதே அணியில் மறு ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த ரியாத் மாரெஸைக் கண்டு திரும்பினார்.

ஆனால் ஆடியவருக்கு மட்டுமே தெரிகிற ஒன்று உண்டு. அதை நான் கற்றுக்கொண்ட இரவைச் சொல்கிறேன்.

நவம்பர் மாதம், இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸில், முதல் அணியில் இடம் கிடைக்காதவர்கள் ஆடும் ஒரு மாற்று அணி ஆட்டம். மழை. இடது ஓரத்தில் ஓடித் தாக்கும் ஒரு விங்கரைப் பார்க்க என்னை அனுப்பியிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர். மூன்றாம், நான்காம் டிவிஷன்களில் பத்து கிளப்புகளுக்கு ஆடியவர். நான் தாளில் எழுதியிருந்தது: "வேகம் நன்று. இரு காலும் வரும். தடுப்பவரை நேராக எதிர்கொள்கிறான்." இருபதாவது நிமிடத்தில் பையன் பந்தை இழந்தான். இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் இழந்தான். பெரியவர் என் பக்கம் திரும்பாமலே, "உங்கள் ஆள் இன்றைக்கு முடித்துவிட்டான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பந்தைப் பார்க்காமல் பையனை மட்டும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பந்தை இழந்ததும் அவன் பார்த்தது பயிற்சியாளர் உட்கார்ந்திருந்த பெஞ்சை. அதன் பிறகு எதிரணித் தடுப்பாட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டான். கையைத் தூக்கிப் பந்து கேட்டான், ஆனால் கொடுக்கவே முடியாத இடத்தில் நின்று கேட்டான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஆர்வமாக ஆடுவதுபோலத் தெரியும். "ஒளிந்துகொள்கிறான். நானும் மூன்று கிளப்பில் இப்படி ஒளிந்திருக்கிறேன்" என்றார் பெரியவர்.

அந்தக் கண் உங்களுக்கும் இருக்கும். எட்டு உடைமாற்று அறைகளில் உட்கார்ந்தவருக்கு, எவன் தோல்வியில் பேசுவான், எவன் மேலாளர் போனதும் காணாமல் போவான் என்பது தெரியும். ஆட்டம் தொடங்கும் முன்னரே போய் வார்ம்அப்பைப் பாருங்கள். மாற்றப்பட்டு வெளியே வருகிறவன் தண்ணீர் பாட்டிலை எப்படி வைக்கிறான் என்று பாருங்கள்.

அதே பெரியவர் அன்றைக்கே இன்னொன்றும் செய்தார். குள்ளமான ஒரு நடுக்கள வீரரை "இந்த உயரத்துக்கு இங்கே வேலை இல்லை" என்று ஒரே வரியில் தள்ளினார். அந்தப் பையன் இப்போது இரண்டு டிவிஷன் மேலே ஆடுகிறான். தன் காலத்தில் தன்னை இடித்துத் தள்ளியவர்களை மனதில் வைத்துக்கொண்டு ஆள் எடுப்பதுதான் பழைய ஆட்டக்காரர்களின் பெரிய பலவீனம். கிளப்புகள் இன்று வீடியோவையும் புள்ளிவிவரத்தையும் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பீட்டர்பரோ இளைஞர் அணியைத் தாண்டி ஆடாத மைக்கேல் எட்வர்ட்ஸ், தரவுப் பகுப்பாய்வில் நுழைந்து லிவர்பூலின் விளையாட்டு இயக்குநர் ஆனார். எனவே வைஸ்கவுட் போன்ற வீடியோ மென்பொருளைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள். எண்களைப் பார்த்து முகம் சுளிக்கிற ஸ்கவுட்டை இனி யாரும் வேலைக்கு வைக்கமாட்டார்கள்.

எங்கே தொடங்குவது? இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. திறன் கண்டறிதலுக்குப் படிநிலைகளாகப் பயிற்சி நடத்துகிறது. முதல் நிலையை வீட்டிலிருந்தே இணையத்தில் முடிக்கலாம். முடித்துவிடுங்கள், ஆனால் அந்தச் சான்றிதழைப் பார்த்து யாரும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். கூப்பிடவைப்பது அறிக்கை.

அறிக்கை எழுதுவது எப்படி என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ஆட்டத்தின் கதையைச் சொல்லாதீர்கள். ஸ்கோர் கிளப்புக்குத் தெரியும். வயது, பலமான கால், அணி ஆடிய அமைப்பு, எதிரணியின் தரம், மைதானத்தின் நிலை ஆகியவற்றை மேலே இரண்டு வரியில் முடியுங்கள். பிறகு எஃப்.ஏ. சொல்லும் நான்கு மூலைகள்: நுட்பம், உடல், மனம், சமூகம். "நல்ல இடதுகால்" என்பது அறிக்கை ஆகாது. "நெருக்கடி இல்லாதபோது 40 கஜம் துல்லியமாக அடிக்கிறார், யாராவது மூன்று கஜத்துக்குள் வந்தால் எப்போதும் பின்னுக்கே கொடுக்கிறார்" என்பது அறிக்கை. முடிவில் தெளிவாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: வாங்கலாம், தொடர்ந்து பார்க்கலாம், வேண்டாம். "திறமை உண்டு, பார்க்கலாம்" என்று எல்லாருக்கும் எழுதுகிறவரின் அறிக்கையைத் தலைமை ஸ்கவுட் மூன்றாவது வாரத்தோடு திறப்பதை நிறுத்திவிடுவார். ஒரே வீரரைச் சொந்த மைதானத்தில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை, முடிந்தால் தோற்கும் ஆட்டத்தில் ஒருமுறை பாருங்கள். அப்படிப் பத்து அறிக்கை சேர்ந்ததும், அருகிலுள்ள லீக் டூ (நான்காம் டிவிஷன்), நேஷனல் லீக் (ஐந்தாம் டிவிஷன்) கிளப்புகளின் வீரர் தேர்வுப் பிரிவுக்கு அவற்றில் சிறந்த மூன்றை மட்டும் அனுப்புங்கள். உங்கள் எட்டு கிளப்பில் யாராவது அங்கே பயிற்சியாளராக இருந்தால் முதலில் அவருக்குத் தொலைபேசி.

உங்களுக்குச் சாதகமான ஒன்று: 2021 ஜனவரி முதல், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்சிட்டுக்குப் பின் வந்த விதிகளால், இங்கிலாந்துக் கிளப்புகள் 18 வயது நிறையாத வெளிநாட்டுப் பையன்களைச் சேர்க்க முடியாது. உள்ளூர்க் கீழ் டிவிஷன்களைத் தெரிந்த கண்ணுக்கு அதனால் மதிப்பு கூடியிருக்கிறது.

விதிகளில் கவனம் தேவை. சிறுவர்களைப் பார்க்கும் வேலை என்றால் டி.பி.எஸ். என்ற குற்றப்பின்னணிச் சோதனையும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். வேறொரு கிளப்பின் அகாடமியில் பதிவான பையனின் பெற்றோரைக் கோட்டோரத்தில் பிடித்துப் பேசவே கூடாது. கால்பந்தில் பந்தயம் கட்டக் கூடாது. அரைத்தொழில்முறை ஆட்டக்காரராக உங்களுக்கு இது பழகியிருக்கும், ஸ்கவுட் ஆனாலும் தொடரும். 2014 ஆகஸ்ட் முதல் உலகில் எங்கே நடக்கும் கால்பந்து ஆட்டத்துக்கும் தடை. யார் வரப்போகிறார், யாருக்குக் காயம் என்று மச்சானிடம் சொல்லி அவர் பந்தயம் கட்டினாலும் குற்றம் உங்களுடையதே.

வருமானம்: தொடக்கத்தில் பெட்ரோல் பணம் மட்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காருக்கு மைலுக்கு 45 பென்ஸ் என்ற வரியில்லாத வீதத்தில் கொடுத்தால், ஐம்பது மைல் போய்த் திரும்பும் இரவுக்கு 45 பவுண்டு. அதிலேயே பெட்ரோல், டயர் தேய்மானம், வழியில் தேநீர் எல்லாம். சில கிளப்புகள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சிறு தொகையும் தருகின்றன. முழுநேர இடங்கள் சொற்பம். மேலாளரை நீக்கும்போது அவர் கொண்டுவந்த ஸ்கவுட்களும் அடிக்கடி கூடவே போகிறார்கள். ஒரு பருவத்தின் நடுவே எனக்கும் அது நடந்தது. இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். அன்று என் பகல் வேலைதான் வீட்டு வாடகையைக் கட்டியது. ஆட்டங்கள் இரவிலும் சனி ஞாயிறிலும் நடப்பதால் கிடங்கு வேலையோடு இது மோதாது. மோதுவது குடும்பத்தோடுதான், ஆகஸ்ட் முதல் மே வரையான நாட்காட்டியை இப்போதே வீட்டில் காட்டிப் பேசிவிடுங்கள்.

முழங்கால் பற்றி: ஸ்கவுட்டுக்கு ஒதுக்கும் இருக்கை பழைய மைதானங்களில் பெரும்பாலும் மேல் வரிசையில் இருக்கும், படிகள் செங்குத்து, குளிரில் இரண்டு மணிநேரம் மடக்கி உட்கார வேண்டும். கிளப் மூலம் டிக்கெட் கேட்கும்போதே நடைபாதை ஓரத்து இருக்கையாகக் கேளுங்கள். கொடுத்துவிடுவார்கள்.