தேவதைப் பொம்மைக்குச் சிறகு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (உவர்மலையிலிருந்து ஒரு வாசகி): அன்பின் அக்கா, என் மகளுக்காகத் துணியில் ஓரடி உயரத் தேவதைப் பொம்மை ஒன்றைச் செய்தேன். பூ கட்டும் கம்பியை வளைத்துச் சட்டம் அமைத்து, இரு புறமும் செலோபேன் தாளை வெள்ளைப் பசையால் ஒட்டிச் சிறகு பூட்டினேன். ஐப்பசியில் செய்தது; தைப்பொங்கலுக்குள் கம்பி துருப்பிடித்துப் பொம்மையின் சட்டையில் கறை படிந்துவிட்டது. தாள் ஓரங்களில் கழன்று, பசை பால்போல் வெளிறி, சிறகும் தொய்ந்துவிட்டது. நான் எங்கே பிழை விட்டேன்?

பதில்: தங்கையின் கைவேலையில் பிழை இல்லை; பொருளும் பருவமும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போனதே காரணம். பூ கட்டும் கம்பி என்று விற்கப்படுவது பெரும்பாலும் தாள் சுற்றிய மெல்லிய இரும்புக் கம்பியே. அந்தத் தாள் கடற்காற்றின் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி இரும்போடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதால், துரு விரைவாக ஏறுகிறது. அதற்குப் பதிலாக, மோட்டார் சுருள் சுற்றும் கடையில் செப்புக் கம்பி கேட்டு வாங்குங்கள். மின்காப்புக்காக அதன் மேல் மெல்லிய பூச்சு இடப்பட்டிருக்கும். அந்தப் பூச்சு உரியாத வரையில் செம்பில் பச்சைக் களிம்பு ஏறாது. ஓரடிப் பொம்மைக்கு 0.7 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். வெட்டிய முனையில் மட்டும் செம்பு வெளியே தெரியும் என்பதால், அங்கே ஒரு துளி நகப்பூச்சு வைத்துவிடுங்கள். அலுமினியக் கம்பிக்கும் துரு இல்லை. ஆனால் அது மிக மென்மையானது, குழந்தையின் கை ஒருமுறை பட்டாலே வடிவம் மாறிவிடும்.

சிறகு தொய்ந்ததற்குக் காரணம் வேறு. நீங்கள் வெளிச்சட்டத்தை மட்டும் வளைத்து, உள்ளே நரம்புகளைப் பேனாவால் வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்துவந்தேன். பிறகொரு நாள் வேலியில் இருந்த தும்பியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், சிறகில் நரம்பு அழகுக்காக இருப்பதன்று, அதன் பலமே நரம்புதான் என்பது எனக்கு விளங்கியது. தும்பியின் செட்டையில் (எங்கள் வீட்டில் சிறகை அப்படித்தான் சொல்வோம்) முன்விளிம்பு நரம்புகள் தடித்தும், பின்விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்தும் இருக்கும். அவற்றுக்கிடையில் கண்ணாடி போன்ற சவ்வு விரிந்திருக்கும். அதையே பின்பற்றி, முன்விளிம்புக்கு இரண்டு கம்பிகளை முறுக்கி வையுங்கள்; பின்விளிம்புக்கு ஒற்றைக் கம்பி போதும்; அடியிலிருந்து மூன்று நான்கு மெல்லிய கம்பிகளை விசிறிபோல் விரித்து விளிம்போடு சுற்றிவிடுங்கள். இந்த நரம்புச் சட்டம் தாள் இல்லாமலே நிமிர்ந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எந்தத் தாளை ஒட்டினாலும் பயனில்லை. முன்விளிம்பில் நுனிக்குச் சற்று முன்னே தும்பிக்கு ஒரு கரிய பொட்டு உண்டு. அதையும் வைத்துவிட்டால் பார்ப்பவர்கள் காரணம் தெரியாமலே அதை உண்மைச் சிறகு என்று உணர்வார்கள்.

அடுத்தது பசை. சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் கலந்தது. காய்ந்த பின்னும் ஈரம் பட்டால் இளகி வெளிறும். ஆகவே பசையை அறவே விட்டு, லமினேற் செய்யும் பிளாஸ்டிக் உறையைப் பயன்படுத்துங்கள். அதன் உட்புறத்தில் சூட்டில் உருகி ஒட்டும் படை ஏற்கெனவே இருக்கிறது. உறையை விரித்து நடுவில் நரம்புச் சட்டத்தையும், விரும்பினால் மினுங்கும் தாளின் சிறு துண்டுகளையும் வைத்து மூடி, மேலும் கீழும் வெள்ளைத் தாள் இட்டு, மிதமான சூட்டில் ஸ்திரிக்கைப் பெட்டியால் மெதுவாக அழுத்துங்கள். சூடு ஆறுமுன் துணி சுற்றிய விரலால் கம்பியின் இருபக்கத்தையும் நீவிவிட்டால் காற்றுக் குமிழ்கள் நிற்காது. கம்பி வைத்த உறையைப் போட்டோகொப்பிக் கடை இயந்திரத்தில் கொடுக்க வேண்டாம். அதன் உருளைகள் பழுதாகும். வெட்டும்போது கம்பிக்கு வெளியே 3 மில்லிமீற்றர் விளிம்பு விடுவது மிக முக்கியம். கம்பியை ஒட்டி வெட்டினால் ஒட்டுத் திறந்து, உப்புக்காற்று உள்ளே போகும்.

நகப்பூச்சாலோ வார்னிஷாலோ மெருகிடுபவர்கள் வாடைக்காற்றுக் காலத்து மழை நாட்களைத் தவிர்க்க வேண்டும். பூச்சிலுள்ள திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள நீர் அங்கே படிந்து பூச்சுப் பனி படர்ந்ததுபோல் வெளிறிவிடுகிறது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களின் நண்பகல் வேளை இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது.

கேள்வி (தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர்): எங்கள் பகுதியில் கைவினைப் பொருட்கள் விற்கும் கடை இல்லை. பிளாஸ்டிக்கைச் சேர்க்கவும் எனக்கு மனமில்லை. அயலில் கிடைக்கும் பொருளைக் கொண்டு சிறகு செய்ய முடியுமா?

பதில்: முடியும் தம்பி, கடைச் சிறகைவிட அழகாகவும் செய்யலாம். அரச இலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சதை அழுகிப் போன பிறகு எஞ்சும் நரம்பு வலை, எந்த மனிதக் கையும் பின்ன முடியாத நுட்பம் உடையது. நீண்ட வால்நுனியோ சிறகின் முனைபோலவே அமைந்திருக்கிறது. கோயிலிலும் விகாரையிலும் வணங்கப்படும் மரம் என்பதால், கிளையை ஒடிக்காமல் காற்றில் உதிர்ந்த இலைகளில் பச்சை மாறாதவற்றை மட்டும் பொறுக்குங்கள். சருகாகிவிட்ட இலை தேய்க்கும்போது உடைந்துவிடும். கொழுந்தின் நரம்போ சதையோடு சேர்ந்து கரைந்துவிடும். நன்கு முற்றிய இலையே வேண்டும்.

வாய் அகன்ற பானையில் தண்ணீர் நிறைத்து, இலைகள் மிதக்காதபடி ஒரு கல்லை வைத்து, மூன்று நான்கு வாரம் ஊறவிடுங்கள். பானையின் வாயை நெருக்கமான துணியால் இறுகக் கட்டுவது கட்டாயம். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும், நம் மாவட்டத்தில் அதை அலட்சியம் செய்ய முடியாது. நாற்றம் வரும் என்பதால் வீட்டுக்குத் தள்ளி வையுங்கள். விரலால் தடவும்போது சதை வழுக்கிக்கொண்டு வந்தால் இலை பதமாகிவிட்டது. அதைத் தட்டையான பலகையில் விரித்துத் தண்ணீர் ஊற்றி, பழைய பற்தூரிகையால் தட்டித் தட்டிச் சதையை நீக்குங்கள். இழுத்துத் தேய்த்தால் வலை கிழியும். அவசரமானவர்கள் சலவைச் சோடா கலந்த நீரில் இலையை வேகவைப்பதுண்டு. அப்பச் சோடா அதற்குப் போதாது. அப்படிச் செய்வதானால் அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்த்து, கைக்கு உறை அணிந்துகொள்ளுங்கள். எனக்கு ஊறவைக்கும் முறையே பிடிக்கும். வலை முறியாமல் முழுதாகக் கிடைக்கிறது.

கழுவிய வலையைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றிக் காயவிடுங்கள். வண்ணத்துப்பூச்சிக்கும் தும்பிக்கும் நான்கு சிறகுகள் என்பதால், பெரிய இலை இரண்டு மேலேயும் சிறியவை இரண்டு கீழேயும் வரட்டும். இலைக்காம்பையே பொம்மையின் முதுகில் செருகித் தைக்கலாம். நிறம் தீட்ட விரும்பினால், இலங்கைக்கே உரியதும் நம் தேசிய வண்ணத்துப்பூச்சியுமான பெரிய இனத்தைப் பாருங்கள்: மேற்சிறகு கறுப்பு, கீழ்ச்சிறகு மஞ்சள். நீர் சேர்த்த சாயத்தை மிக மெல்லியதாக ஒற்றி எடுங்கள்; தடிப்பாகப் பூசினால் வலையின் கண்கள் அடைபட்டு, இத்தனை நாள் உழைப்பும் மறைந்துபோகும்.

கேள்வி (நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி): சிறகு பூட்டிய பிறகு என் பொம்மை பின்புறமாகச் சாய்கிறது.

பதில்: சிறகைத் தாழ்வாகப் பொருத்தியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பூச்சியின் சிறகுகள் உடலின் நடுப்பகுதியான மார்பிலிருந்தே புறப்படுகின்றன. அதுபோலப் பொம்மைக்கும் தோள்பட்டைகளுக்கு இடையில், கழுத்துக்குச் சற்றுக் கீழே பொருத்துங்கள். இடுப்பருகே வைத்தால் பாரம் பின்னே இழுப்பதோடு, பார்ப்பதற்கும் சிறகு முளைத்ததாகத் தெரியாது, தொங்குவதாகவே தெரியும். மேற்சிறகின் நீளம் பொம்மை உயரத்தின் பாதியைத் தாண்ட வேண்டாம். உட்கார வைக்கும் பொம்மையானால் அதன் அடியில் ஒரு சிறு பையில் பச்சைப் பயறு இட்டுத் தைத்துவிடுங்கள்.

கேள்வி (கிண்ணியாவிலிருந்து ஒரு பாட்டி): மகள், என் பேத்திக்கு ஒன்றரை வயது. அவளுக்கும் இப்படியொரு பொம்மை செய்து கொடுக்க ஆசை.

பதில்: செய்து கொடுங்கள் அம்மா, ஆனால் கம்பியும் இலையும் மினுங்கும் தூளும் மணியும் பொத்தானும் அதில் வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை எதையும் வாயில் வைக்கும். துணிக்குள் மறைத்த கம்பியும் வளைந்து வளைந்து ஒருநாள் முறிந்து வெளியே குத்தும். பழைய பருத்திச் சேலைத் துண்டுகள் இரண்டைச் சிறகு வடிவில் வெட்டி, நடுவில் மெல்லிய பஞ்சுப்படை வைத்து, நரம்புகள் செல்லும் வழியிலேயே நெருக்கமாகத் தையல் ஓட்டுங்கள். அந்தத் தையலே சிறகை விறைப்பாக நிறுத்தும். முதுகோடு இரட்டை நூலால் சுற்றிச் சுற்றித் தைத்த பின், பேத்தியிடம் கொடுக்குமுன் நீங்களே சிறகைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். ஒரு தையல் அசைந்தாலும் பிரித்து மறுபடி தையுங்கள்.