வெளிநாடு கிளம்பும் முன் பாப் ஸ்மியர் எடுக்கச் சொல்கிறார்கள், கூச்சமாக இருக்கிறது. நீங்கள் எப்படிப் போனீர்கள்?

உங்களுக்கு வயது 33, இரண்டு குழந்தைகள், கணவரின் வேலை விசாவில் இன்னும் நான்கைந்து மாதத்தில் இங்கிலாந்து போகிறீர்கள். அங்கே இருக்கும் அக்கா, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான அறிகுறியை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையைக் கிளம்புவதற்குள் எடுத்துவிடு என்கிறார். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது எதற்காகப் போய் அப்படிப் படுக்க வேண்டும், நினைத்தாலே கூசுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் திருச்சியிலிருந்து இங்கிலாந்து வந்தவள்தான். ஊரில் ஒரு முறை எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன், இங்கே வந்த பிறகும் எடுத்திருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

கூச்சம் போகட்டும், அப்புறம் போகலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அது தானாகப் போவதில்லை. நான் கூச்சத்தோடுதான் போனேன். ஆனால் போவதற்கு முன்பு, எனக்கு எது கூசுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் நான் மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயங்களாக இருந்தன.

முதல் விஷயம் கவுன்டர். ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில், "என்ன பிரச்சனைக்கு வந்திருக்கீங்க?" என்று டோக்கன் போடுகிறவர் சத்தமாகக் கேட்பாரே, அதை நினைத்தே எத்தனை பேர் போகாமல் இருக்கிறோம்! இதற்கு வழி சுலபம். முன்னாலேயே போன் செய்து, டாக்டரிடம் ஸ்கிரீனிங்குக்கு வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிடுங்கள். நேரில் கேட்டாலும் "செக்கப்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அவருக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மீதியை டாக்டரின் அறைக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாவது, எனக்கு இதுதான் பெரியது. முதல் குழந்தைக்கு வலி எடுத்துப் படுத்திருந்தபோது, அந்த ஆஸ்பத்திரியில் யார் யாரோ வந்து, பெயர்கூடக் கேட்காமல், செய்யப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் உள்பரிசோதனை செய்துவிட்டுப் போனார்கள். திரை பாதி திறந்தே கிடந்தது. வலியில் காலை மடக்கினால் ஆயாம்மா திட்டினார். அந்த நேரத்தில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் போதும் என்றிருந்ததால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பாப் ஸ்மியர் என்ற பேச்சு வந்ததும் உடம்பு இறுகியது அதனால்தான். குழந்தை பெற்றவளுக்கு இனி என்ன கூச்சம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது நேர்மாறாகத்தான் இருந்தது. பிரசவ அறையில் நடந்தது நினைவில் இருப்பதால்தான் மறுபடி அந்தக் கட்டிலில் ஏற மனம் வராமல் இருந்தது. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால், அதை வெட்கம் என்று சொல்லி உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். உங்களை மரியாதையாக நடத்தவில்லை, அதை உடம்பு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்த முறை இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்று, ஒரு லேடி டாக்டர் தனியாக நடத்தும் சின்ன கிளினிக்குக்குப் போனேன். ஸ்மியரை அவரே எடுப்பாரா, அறையில் வேறு யார் இருப்பார்கள், கதவைச் சாத்துவார்களா என்று போனிலேயே கேட்டேன். கேட்பதில் தப்பே இல்லை. உள்ளே போனதும் முதல் வேலையாக, "டாக்டர், எனக்கு இதுல ரொம்பக் கூச்சம், பிரசவத்துல நடந்தது இன்னும் மனசுல இருக்கு, ஒவ்வொண்ணா சொல்லிட்டுச் செய்ங்க, நிறுத்தச் சொன்னா நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை நான் வீட்டில் சொல்லிப் பழகிக்கொண்டுதான் போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கருவியைக் கையில் கொடுத்துக் காட்டி, எந்த இடத்தில் எப்படி இருக்கும் என்று சொன்னார். அப்படிச் சொல்லும்போது முகம் சுளிக்கிற டாக்டராக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், ஊரில் வேறு டாக்டர் இல்லாமலில்லை.

இதனால்தான் கிளம்புவதற்கு முன் எடுப்பது நல்லது என்கிறேன். என் மனதில் இருந்ததை அப்படியே தமிழில் சொல்ல முடிந்தது. என் அம்மா வெளியே உட்கார்ந்திருந்தார். டாக்டரைப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது. புது ஊரில் முதல் வருடம் வீடு, குழந்தைகளின் பள்ளிக்கூடம், குளிர் என்று ஓடும்போது, அறிமுகமில்லாத ஒருவரிடம் ஆங்கிலத்தில் இதை விளக்க வேண்டும் என்றால் நாம் தள்ளிப்போடத்தான் செய்வோம். ஒரு முறை நல்லபடியாக நடந்து முடிந்துவிட்டால் அடுத்த முறைக்கு அது பெரிய துணை.

என்ன நடக்கும் என்று தெரியாததும் பயத்தைக் கூட்டும், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். சுடிதார் போட்டால் முழங்கால் வரை வரும் நீளமான டாப்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், கீழே இருப்பதை மட்டும் கழற்றினால் போதும், புடவையோ பாவாடையோ என்றால் தூக்கிக்கொண்டாலே போதும். மேலே போர்த்திக்கொள்ளத் துணி கேளுங்கள். முன்னாடியே சிறுநீர் கழித்துவிடுங்கள். படுத்துக் காலை மடக்கி விரித்ததும், ஸ்பெகுலம் என்று வாத்தின் அலகு மாதிரி ஒரு கருவியை உள்ளே வைத்து மெதுவாகத் திறப்பார்கள். அதில் சிறிய அளவும் உண்டு, கேட்கலாம். அப்புறம் ஒரு சின்ன பிரஷ்ஷால் கர்ப்பப்பை வாயைத் தடவி செல்களை எடுப்பார்கள். எனக்கு வலி என்று சொல்ல முடியாது, உள்ளே ஒரு அழுத்தம், ஒரு சுருக் அவ்வளவுதான், மூச்சை நிதானமாக வெளியே விட்டபோது அதுவும் குறைந்தது. மொத்தம் சில நிமிடங்கள். அன்றைக்கு லேசாக ரத்தக்கறை படலாம். முடி எடுக்க வேண்டுமா, கறுப்பாக இருக்கிறதே, வாடை வருமோ என்றெல்லாம் நாம் வீட்டில் கவலைப்படுகிறோம். எதையும் எடுக்க வேண்டாம், சாதாரணமாகக் குளித்துவிட்டுப் போங்கள், உள்ளே சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம். பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து 10 முதல் 20 நாட்களுக்குள் ஒரு நாளைப் பாருங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியமும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். வெள்ளைப்படுதல் அதிகமாகவோ நாற்றத்தோடோ இருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், தொற்று இருந்தால் ஸ்மியர் தெளிவாக வராமல் போகலாம்.

தொந்தரவு இல்லாதபோது எதற்கு என்றீர்கள். தொந்தரவு இல்லாதபோது எடுப்பதற்காகவே உள்ள பரிசோதனை இது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ், அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகளால்தான் சுமார் 70 சதவீதம் வருகிறது. தொற்று வந்த பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடங்களில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்குத் தங்கிவிட்டால் செல்கள் மாறிப் புற்றுநோயாக ஆவதற்குப் பொதுவாக 15, 20 வருடங்கள் ஆகும். அத்தனை வருடமும் வெளியே ஒன்றும் தெரியாது, அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் சின்ன சிகிச்சையோடு முடிந்துவிடும். நம் நாட்டில் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வருகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 2 சதவீதம்கூட இல்லை, தமிழ்நாட்டில் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

எனக்குத் தைரியம் கொடுத்தது திண்டுக்கல் பெண்களைப் பற்றிப் படித்தது. 2000-ல் தொடங்கி அந்த மாவட்டத்தின் கிராமங்களில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, அசிட்டிக் அமிலம் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் எளிய பரிசோதனையைப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் செய்தார்கள். அம்பிளிக்கை என்ற ஊரில் இருக்கும் மருத்துவமனையை மையமாக வைத்து நடந்த ஆய்வு அது. 2007-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட இந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள், நம்மைவிடக் கூச்சம் அதிகமாக இருந்திருக்கக்கூடியவர்கள், வந்து படுத்ததால் கிடைத்த கணக்கு அது. அதைப் படித்த அன்றுதான் கிளினிக்குக்கு போன் போட்டேன். இன்றைக்கு நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த அசிட்டிக் அமிலப் பரிசோதனை இலவசம், தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்கள் அங்கே போகலாம்.

கிளம்பும் கடைசி வாரத்தில் எடுக்காதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும், அதில் ஏதாவது இருந்தால் மறுபடி ஒரு பரிசோதனை, அல்லது கால்போஸ்கோப்பி என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பெட்டி கட்டிக்கொண்டு அதைச் செய்ய முடியாது. இரண்டு மூன்று மாதம் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள். ரிப்போர்ட்டில் மாற்றம் இருக்கிறது என்று வந்தால் உடனே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை, பெரும்பாலும் கவனித்துக்கொண்டால் போதும் என்ற நிலைதான். ஹெச்பிவி இருக்கிறது என்று வந்தால் வீட்டில் ஒருவரை ஒருவர் சந்தேகப்படும் ஆபத்து இருக்கிறது, அதனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கக்கூடியது, எப்போது யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கணவரிடம் இதைப் பரிசோதனைக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. நான் பேசினேன்.

விசாவுக்கு மெடிக்கல் எடுக்கிறோமே, அதிலேயே வந்துவிடாதா என்று சிலர் நினைக்கிறார்கள். வராது. இங்கிலாந்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களிடம் கேட்பது காசநோய்ப் பரிசோதனை, அதற்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள்.

சரி, நேரமே கிடைக்கவில்லை, எடுக்காமலே கிளம்பிவிட்டீர்கள் என்றால்? பயப்பட ஒன்றுமில்லை, இங்கே வந்ததும் முதல் வேலையாக வீட்டுப் பக்கத்து ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், பதிவு செய்யுங்கள். 25 முதல் 64 வயது வரை உள்ள பெண்களுக்கு என்ஹெச்எஸ் என்ற இங்கத்திய அரசு மருத்துவ சேவை கடிதம் அனுப்பி அழைக்கிறது, தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. இங்கே முதலில் ஹெச்பிவி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள், இருந்தால் அதே மாதிரியில் செல்களையும் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் 2025 ஜூலையிலிருந்து, ஹெச்பிவி இல்லை என்று வந்த 25 முதல் 49 வயதுக்காரர்களுக்கும் அடுத்த அழைப்பு ஐந்து வருடம் கழித்துத்தான். எனக்கு எடுத்தது ஒரு நர்ஸம்மா, திரையை இழுத்துவிட்டு, தயாரானதும் கூப்பிடுங்கள் என்று அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். பெண்தான் வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எதையும் முன்னாலேயே கேட்கலாம். ஊரில் எடுத்த ரிப்போர்ட்டில் தேதியும் என்ன பரிசோதனை என்பதும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பிரதியைக் கைப்பையில் கொண்டுவாருங்கள், ஜிபியிடம் பதிவு செய்யும்போது காட்டினால் அடுத்து எப்போது என்று சொல்வார்கள். ஆஸ்திரேலியா போகிற தோழிகள் இதைப் படித்தால் அவர்களுக்கு: அங்கே 2022 ஜூலையிலிருந்து, பரிசோதனைக்குத் தகுதியுள்ள எல்லாப் பெண்களும் பஞ்சு சுற்றிய குச்சியால் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், ஸ்பெகுலம் கிடையாது. கூச்சம் தாங்கவே முடியாதவர்களுக்கு அது பெரிய வழி. ஊரிலும் ஹெச்பிவி பரிசோதனை செய்யும் இடத்தில் அப்படிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் தொந்தரவு இல்லாதவர்களுக்கு. தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் படுகிறது, இரண்டு பீரியட்ஸுக்கு நடுவில் படுகிறது, பீரியட்ஸ் நின்று வருடங்கள் கழித்து மறுபடி படுகிறது என்றால் ஸ்கிரீனிங் தேதி, விசா தேதி எதையும் பார்க்காமல் இந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.