சிசரோ கோழையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோமானியப் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவைப் பற்றி எப்போது எழுதினாலும் மரியாதையோடு எழுதுகிறீர்கள். சீஸர், பாம்பி என்ற இரண்டு படைத்தலைவர்களுக்கு நடுவே நடந்த உள்நாட்டுப் போரில் அவர் மதில்மேல் பூனையாகத்தானே இருந்தார்? முதலில் பாம்பி பக்கம். பாம்பி தோற்றதும் சீஸரிடம் மன்னிப்பு. சீஸர் செத்ததும் கொலையாளிகளுக்குப் பாராட்டு. இந்தக் கோழையிடம் அப்படி என்ன இருக்கிறது?

க.

அன்புள்ள க.,

மதில்மேல் பூனை என்பது சரி. கோழை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கிமு 49 ஜனவரியில் சீஸர் படையோடு ரூபிகான் ஆற்றைத் தாண்டி உள்நாட்டுப் போரைத் தொடங்கியபோது சிசரோ ரோமுக்கு வெளியே காத்திருந்தார். இன்றைய துருக்கியின் தென்பகுதியான சிலீசியாவில் ஆளுநராக இருந்தபோது ஒரு சிறிய மலைப்போரில் வென்றிருந்தார். அதற்கு வெற்றி ஊர்வலம் வேண்டும் என்று ஆசை. நகருக்குள் நுழைந்தால் அந்த உரிமை போய்விடும். நாடு இரண்டாகப் பிளக்கிறது, இவரோ வெற்றிக்கு அடையாளமாக லாரல் இலை சுற்றிய அதிகாரக் கோல்கட்டுகளைத் தூக்கிய சேவகர்களோடு ஊர் ஊராக அலைகிறார். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அந்த நாட்களில் நண்பர் அட்டிகஸுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் படியுங்கள். யாரிடமிருந்து ஓடுவது என்று தெரிகிறது, யார் பின்னால் போவது என்றுதான் தெரியவில்லை என்கிறார். இரண்டு பேருக்குமே ராஜாவாகத்தான் ஆசை என்கிறார். பாம்பியின் ஆட்கள் குடியரசு என்று முழங்கிக்கொண்டிருந்தபோது இதைக் கண்டுகொண்டவரின் தயக்கத்தைப் பயம் என்று தள்ளிவிட முடியுமா?

மார்ச் 28 அன்று இத்தாலியக் கடற்கரை ஊரான ஃபோர்மியேவில் சீஸரே அவரை நேரில் சந்தித்தார். அப்போது இத்தாலி முழுக்க சீஸர் கையில். செனட்டுக்கு வாருங்கள் என்றார். வந்தால் என் இஷ்டப்படி பேசலாமா என்று கேட்டார் சிசரோ. உங்களுக்கு நான் பாடம் எடுப்பேனா என்றார் சீஸர். அப்படியானால் நீங்கள் ஸ்பெயினுக்கும் கிரீஸுக்கும் படை கொண்டு போகக்கூடாது என்று பேசுவேன். அதைப் பேசக்கூடாது என்றார் சீஸர். அதனால்தான் வரவில்லை என்றார் இவர். கோழை பேசுகிற பேச்சா இது?

அப்புறம் ஜூனில் பாம்பியிடம் போனது, ஃபார்சாலஸ் போரில் பாம்பி தோற்ற பின் இத்தாலியத் துறைமுகமான பிருண்டிசியத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் சீஸரின் மன்னிப்புக்காகக் காத்துக் கிடந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

என் பார்வையில் தயங்கியபோதெல்லாம் அவர் தெளிவாகத்தான் இருந்தார். துளியும் சந்தேகமில்லாமல் நின்ற இரண்டு இடங்களில்தான் சறுக்கினார். கிமு 63இல் ரோமின் உச்சப் பதவியான கான்சலாக இருந்தபோது, ஆட்சியைக் கவிழ்க்க கேட்டிலைன் தீட்டிய சதியில் சேர்ந்த ஐந்து பேரை விசாரணையே இல்லாமல் கொன்றார். வெளியே வந்து, ‘வாழ்ந்து முடித்தார்கள்’ என்று கூட்டத்திடம் சொன்னார். குடிமக்களை விசாரிக்காமல் கொன்றதற்காகவே கிமு 58இல் நாடு கடத்தப்பட்டார், வீட்டையும் இடித்தார்கள். அந்த ஐவரில் லெண்டுலஸ் என்பவர், சீஸரின் தளபதியும் பின்னாளில் சிசரோவின் எதிரியுமான மார்க் ஆண்டனியின் மாற்றாந்தகப்பன்.

இரண்டாவது சறுக்கல், சீஸரின் தத்துப்பிள்ளை ஆக்டேவியன். சீஸர் கொலைக்குப் பின் ஆண்டனிக்கு எதிராக 14 உரைகள் எழுதிய சிசரோ, 19 வயதுப் பையனைத் தன் கைவாளாக நினைத்துவிட்டார். புகழலாம், கௌரவிக்கலாம், பிறகு ஒதுக்கிவிடலாம் என்று அவர் சொன்னதாகப் பையன் காதுக்கே போய்விட்டது. கிமு 43 நவம்பரில் ஆண்டனியும் சீஸரின் இன்னொரு தளபதி லெபிடஸும் ஆக்டேவியனும் கைகோத்தார்கள். கொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் சிசரோவைச் சேர்க்க ஆக்டேவியன் இரண்டு நாள் மறுத்து மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்தான் என்கிறார் சிசரோவின் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க்.

அதே ஆண்டு டிசம்பர் 7. தப்பிக்கக் கப்பலேறிவிட்டுத் திரும்பி வந்திருந்தார், வழக்கமான அதே தயக்கத்தோடு. பல்லக்கில் கடற்கரைக்குப் போகும் வழியில் வீரர்கள் நெருங்கிவிட்டார்கள். பல்லக்கை இறக்கச் சொன்னார். வயது 63. வந்தவனை உற்றுப் பார்த்துவிட்டுக் கழுத்தை வெளியே நீட்டினார்.