ஊரடங்கில் கடை மூடிக் கிடந்த மாதங்களுக்கும் வாடகை தர வேண்டுமா?

பெரும்பாலும் தரத்தான் வேண்டும். கேட்கக் கசப்பாக இருந்தாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

டெல்லி கான் மார்க்கெட்டில் ஒரு செருப்புக் கடை. 2020 மார்ச்சில் ஷட்டர் இறங்கியது, வியாபாரம் அடியோடு நின்றது. வாடகையை நிறுத்திவைக்கச் சொல்லி கடைக்காரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். மே 21 அன்று நீதிபதி பிரதிபா சிங் மறுத்துவிட்டார். கட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கொடுத்தார்.

ஏன்? ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, அதாவது நிறைவேற்றவே முடியாமல் போனால் ஒப்பந்தம் செல்லாது என்பது, நடப்பிலுள்ள குத்தகைக்கு, அதாவது ஏற்கெனவே வாடகைக்கு விட்ட இடத்துக்கு, பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொல்லிவிட்டது. சொத்துரிமை மாற்றச் சட்டம் 108ஆவது பிரிவு தீ, வெள்ளம் போன்றவை வந்தால் வாடகைதாரர் குத்தகையை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் இடம் அழிந்திருக்க வேண்டும், அல்லது நிரந்தரமாகப் பயன்படாமல் போயிருக்க வேண்டும். ஊரடங்கில் கட்டடம் அப்படியே நின்றது. சரக்கு உள்ளே, சாவி வாடகைதாரர் கையில். அப்படியென்றால் இடம் அவர் வசம்தான் இருந்தது.

அதனால் முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 'கட்டுப்பாட்டை மீறிய சூழலில் வாடகை நிறுத்தப்படும்' என்ற வரி இருந்தால் கதையே வேறு. அந்த ஒரு வரிதான் பலரைக் காப்பாற்றியிருக்கும். இல்லையென்றால் உரிமையாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கும் அந்த வாடகையில்தான் வங்கித் தவணை ஓடிக்கொண்டிருக்கலாம். பேசி முடித்ததை மறக்காமல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம், பழைய பாக்கிக்கு உரிமையாளர் வழக்குப் போடக் காலம் கடந்துவிட்டதா என்று கணக்குப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களை காலவரம்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.